நாற்பத்தெட்டு பேரில் ஒரு ஜவஹர்

எங்கள் கட்டடத்தில் எதையாவது தேட வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். தொலைந்த சாவி, ஒற்றைச் செருப்பு இதெல்லாம் இல்லை. அதற்கு நான் சரிப்பட மாட்டேன். இணையத்தில் தேடுவதைச் சொல்கிறேன்.

என் பெயர் தூபா. ஆறாம் வகுப்பு முடித்துவிட்டேன். வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி. எனக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆனால் காது உண்டு, வாய் உண்டு, ஒரு பழைய லேப்டாப்பும் உண்டு. "இந்த மூணும் போதும், நீ ஊரையே ஆளலாம்" என்பார் அத்தா. "வாய் மட்டும் கொஞ்சம் கொறைஞ்சா நல்லாருக்கும்" என்பார் அம்மா.

என் லேப்டாப் பேசும். அதில் ஸ்கிரீன் ரீடர் என்று ஒன்று இருக்கிறது. திரையில் எழுதியிருப்பதையெல்லாம் அது வாசித்துச் சொல்லும். நான் அதை ரொம்ப வேகமாக ஓடவிடுவேன். மற்றவர்கள் காதுக்கு அது மிக்ஸியில் சட்னி அரைப்பது போலக் கேட்குமாம். என் அண்ணன் சைஃப், "இது பேசுதா, இருமுதா?" என்று காதைப் பொத்திக்கொள்வான்.

கண் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தில் எதையாவது தேடுவதைக் கவனித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். போனை விரலால் தள்ளுகிறார்கள், தள்ளுகிறார்கள், தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒரு சேலை விளம்பரம் வந்தால், வந்த வேலையை விட்டுவிட்டு அதைப் பார்க்கிறார்கள்.

எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கன்ட்ரோல், கேப்ஸ் லாக், எஃப், இந்த மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். தேட வேண்டிய சொல்லை அதில் அடித்து என்டர் தட்டினால் போதும். அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நாளைக்கு எந்தத் தெருவில் கரன்ட் கட், நாகர்கோவில் ரயில் எத்தனை மணிக்கு, எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எல்லாம் நான்தான் தேடிச் சொல்வேன். "தூபா சொன்னா சொன்னதுதான்" என்று ஒரு பேரே வாங்கி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பொய் சொல்வானேன்!

அந்தத் திமிரால் மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். மேல்வீட்டு ஜவஹர் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி வந்தான். என் வயதுதான் அவனுக்கும். மொட்டைமாடியில் பந்தை உதைத்து உதைத்து, கட்டடம் முழுக்கத் திட்டு வாங்குகிறவன். கோல்கீப்பர்.

"தூபா! லிஸ்ட் வந்துடுச்சாம்!"

எந்த லிஸ்ட் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக அதே பேச்சுத்தான். அடையாறில் ஒரு கால்பந்துப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே ஜவஹரோடு சேர்த்து முன்னூறு பேருக்கு மேல் ஆடிக் காட்டினார்கள். அதில் சிலரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு வருடம் முழுவதும் இலவசப் பயிற்சி. கிடைக்காவிட்டால், ஐந்து மணிக்கு தி. நகரில் கணக்கு வகுப்பில் சேர்த்துவிடுவதாக அவனுடைய அம்மா ஸ்வர்ணலதா ஆன்ட்டி சொல்லியிருந்தார். அதுவும் இன்றைக்கே.

"உங்கம்மா போன்ல பாக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"பாத்தேன். எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துகினு கீது. ஒண்ணுமே புரியல. நீயே பாரு. நான் கண்ண மூடிக்கிறேன்."

"நீ எதுக்குடா மூடற? பாக்கப் போறது நான்."

"பயமா இருக்குப்பா. நீ சொல்லு, போதும்."

சரி, இவனுக்கு நம்முடைய வேகத்தைக் காட்டுவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கம் திறந்தது. மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

"மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? ஒரே செகண்ட்ல சொல்றேன் பாரு" என்று ஒரே தட்டில் பக்கத்தின் அடிக்குப் போனேன். "நாப்பத்தெட்டு! இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள இதே பக்கத்துல 'வர்றேன்'னு உறுதி சொல்லணுமாம். சொல்லலைன்னா அந்த எடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்களாம்."

"சூப்பர். பேரு?"

"இரு, இரு. இப்பப் பாரு."

மூன்று விசைகளையும் அழுத்தினேன். ஜவஹர் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். என்டர் தட்டினேன்.

"டெக்ஸ்ட் ஜவஹர் நாட் ஃபவுண்ட்" என்றது.

இன்னொரு முறை அடித்தேன். இன்னொரு முறையும் அதையேதான் சொன்னது. ஸ்கிரீன் ரீடரிடம் பழகியவர்களுக்கு மட்டும்தான் அது புரியும். ஜவஹருக்குப் புரியவில்லை.

"இன்னா சொல்லுது?"

எனக்கு வாய் வரவில்லை. அது நடப்பது ரொம்ப அபூர்வம்.

"இல்லைடா" என்றேன்.

"இன்னா இல்லை?"

"உன் பேரு இல்லை."

அவன் என் நாற்காலிப் பக்கம் நெருங்கி வந்தான். 

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"ஓகே" என்றான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் திரும்பிப் படியேறினான். இந்த முறை ஒவ்வொரு படியாக. எனக்கு மனசே சரியில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்வர்ணலதா ஆன்ட்டியின் குரல் மாடியிலிருந்து கேட்டது. அவர்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். "அழாத மக்கா. அம்மை இருக்கேம்லா? அடுத்த வருசம் பாத்துக்கலாம். வா, கடைக்குப் போவோம்."

ஆன்ட்டிக்கு தி. நகரில் துணிக்கடை. ரவிக்கைத் துணி, ஃபால்ஸ், லைனிங் எல்லாம் சேலைக்கு மேட்ச்சாகக் கொடுக்கும் சின்னக் கடை. இருவரும் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் பந்துச் சத்தமே இல்லை. கட்டடம் அமைதியாக இருந்தது. எப்போதும் திட்டுகிற முதல் மாடித் தாத்தாகூட வெளியே வந்து, "என்ன, இன்னிக்கு எங்க அந்தப் பையன்?" என்று விசாரித்தார்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"தூபா, அந்த பீட்ரூட் அல்வா பக்கத்தைக் கொஞ்சம் வாசி. எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கறேன்."

பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே வரை வாசித்துக் காட்டினேன். பீட்ரூட் அரைக் கிலோ, பால் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், நெய், முந்திரி, அப்புறம் செய்முறை, கடைசியில் 'சூடாகப் பரிமாறவும்' வரை. அம்மா டப்பாக்களைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"சர்க்கரை எவ்வளவுன்னு சொன்னே?"

"இருங்க, தேடிச் சொல்றேன்."

சர்க்கரை என்று அடித்து என்டர் தட்டினேன். "நாட் ஃபவுண்ட்" என்றது.

"சர்க்கரையே இல்லையாம்மா" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார். "என்னடி சொல்றே? சர்க்கரை இல்லாம அல்வாவா? இப்பத்தானே உன் வாயால வாசிச்சே!"

ஆமாம். வாசித்தேன். மேலே வாசித்தேன். நான் இப்போது நிற்பது கீழே. பக்கத்தின் கடைசி வரியில்.



இந்தத் தேடும் பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் எந்த வரியில் நிற்கிறோமோ, அங்கிருந்து கீழே மட்டும்தான் தேடும். மேலே திரும்பிப் பார்க்காது. தெருவின் கடைசி வீட்டுக்குப் போய், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "இந்தத் தெருவுல ஒரு வீடும் இல்லையே!" என்று சொன்னால் எப்படி? அப்படித்தான். அதனால் தேடுவதற்கு முன்னால் பக்கத்தின் உச்சிக்குப் போய்விட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எட்டு வயதிலேயே தெரியும். தினம் செய்கிறதுதான்.

காலையில் மட்டும் செய்யவில்லை. எத்தனை பேர் என்று ஒரே செகண்டில் சொல்லிக் காட்டுகிறேன் பேர்வழி என்று அடிக்குப் போனேன். அங்கேயே நின்று ஜவஹரைத் தேடினேன்!

"அம்மா, அல்வாவை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கத்தினேன். லிஸ்ட் பக்கத்தைத் திறந்தேன். கன்ட்ரோல், ஹோம். உச்சிக்குப் போயாகிவிட்டது. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அழுத்தினேன். பெட்டியைத் திறந்து பெயரை அடித்தேன். என்டர்.

"ஏழு. ஜவஹர் எஸ். கோல்கீப்பர்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் பெயர் காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்போதுதான் சைஃப் டியூஷனிலிருந்து வந்தான். "என்ன மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கிண்டல் செய்யவில்லை. அதிலேயே விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

"மணி என்ன?"

"மூணு அம்பது."

ஸ்வர்ணலதா ஆன்ட்டிக்குப் போன் செய்தோம். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி செய்தோம். ஏழு முறை செய்தோம். முகூர்த்த மாதம், சனிக்கிழமை. தி. நகரில் அந்தக் கூட்டத்தில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்?

"நாமளே அவன் சார்பா உறுதி சொல்லிட முடியாதா?" என்றான் சைஃப்.

படிவத்தைத் திறந்து கேட்டேன். விண்ணப்ப எண் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் ஓ.டி.பி. ஆன்ட்டியின் போனுக்குத்தான் போகும். அது இல்லாமல் நகராது.

"ஆட்டோல போனா?"

"இன்னைக்கு பாண்டி பஜார் பக்கம் ஆட்டோ நகருமா? போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சரை ஆயிடும்" என்று சொன்ன சைஃப், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தூபா, அவன்கிட்ட பேசும்போது, லிஸ்ட்டை இப்பத்தான் மாத்திப் போட்டாங்கன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

நல்ல யோசனைதான். எனக்கு ஆசையாகவும் இருந்தது. தூபா சொன்னால் சொன்னதுதான் என்ற பேரும் அப்படியே இருக்கும்.

ஆனால் அப்படிச் சொன்னால், இனிமேல் ஜவஹர் ஒவ்வொரு லிஸ்ட்டையும் சந்தேகப்படுவான். லிஸ்ட் என்ன தப்புச் செய்தது? அது ஒழுங்காகத்தான் ஏழாவது வரியில் அவன் பெயரை வைத்திருந்தது.

"வேணாம்" என்றேன். "மொதல்ல அவனைப் பிடிக்கிற வழியைப் பாரு."

ஆன்ட்டியின் கடைக்கு லேண்ட்லைன் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தி. நகர் கடைகளின் பெயர், முகவரி, எண் எல்லாம் போட்ட ஒரு பெரிய இணையப் பக்கம் எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான கடைகள். அதைத் திறந்தேன். முதலில் உச்சிக்குப் போனேன். மூன்று முறை போனேன்! 'ஸ்வர்ணம் மேட்சிங் சென்டர்' என்று ஆன்ட்டியின் கடைப் பெயரைத் தேடினேன். இல்லை. இந்த முறை நிஜமாகவே இல்லை.

"போச்சு" என்றான் சைஃப்.

"சும்மா இரு." நான் யோசித்தேன். ஒருமுறை அம்மாவோடு அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். கீழே எங்கேயோ வளையல் கலகலக்கும், அதைத் தாண்டி வழவழப்பான மாடிப்படி. அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயர் உண்டு. "சைஃப், அந்தக் காம்ப்ளக்ஸ் பேரு என்ன?"

"தாமரை காம்ப்ளக்ஸ்."

கடை கிடைக்காவிட்டால் என்ன, கட்டடம் கிடைக்கட்டும். 'தாமரை' என்று அடித்தேன். முதலில் ஒரு ஓட்டல் வந்தது. அடுத்தது. ஒரு நகைக்கடை. அடுத்தது.

"பீர் முஹம்மது ஃபேன்சி ஸ்டோர்ஸ், தரைத்தளம், தாமரை காம்ப்ளக்ஸ்" என்றது. கூடவே ஒரு லேண்ட்லைன் எண்.

சைஃப் எண்ணை அழுத்தி போனை என் கையில் கொடுத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரே இரைச்சல்.

"பீர் முஹம்மது ஃபேன்சி! சொல்லுங்க!"

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்."

"வ அலைக்கும் ஸலாம். யார்மா நீ? இன்னா வோணும்? சத்தமா சொல்லு, இங்க ஒரே கூட்டமா கீது."

"பாய், என் பேர் தூபா. மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன். உங்க மாடியில ஸ்வர்ணம் மேட்சிங் சென்டர் இருக்குல்ல, அவங்க பையன் ஜவஹரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா? ரொம்ப அவசரம்."

"இன்னாம்மா நீ! கடைல பத்துப் பேர் நின்னுகினு கீறாங்க. அவங்க போனுக்கு அடி."

"ஏழு தடவை அடிச்சாச்சு பாய். அஞ்சு மணிக்குள்ள அவன் கிட்ட பேசலன்னா அவனோட ஃபுட்பால் போயிடும்."

"பந்து காணாமப் போச்சா? அதுக்கா இம்மாம் பெரிய அவசரம்?"

"பந்து இல்ல பாய், டீம்! அவன் செலக்ட் ஆயிட்டான். அவனுக்கே தெரியாது. நான்தான் பேரு இல்லன்னு தப்பா சொல்லிட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "என் தப்பு பாய். காலையிலேர்ந்து அவன் அழுதுகிட்டு இருக்கான்."

பாயின் குரல் இறங்கியது.

"ம்மா, அழுவாத. லைன்ல இரு. வெச்சுடாத."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "இந்தாம்மா, ரெண்டு டஜனை எடுத்து வெச்சிக்கோ, ஒரு நிமிசத்துல வந்துட்டேன்" என்று யாரிடமோ சொன்னார். அடுத்து, தி. நகர் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல்: "யப்பா! மேட்சிங் கடைப் பையா! ஜவஹரு! கீழ வா நைனா! போனு வந்துகீது!"

சைஃப் எனக்கு மணி சொல்லிக்கொண்டே இருந்தான். நாலு பதினெட்டு. நாலு இருபது. நாலு இருபத்து மூன்று.

"ஹலோ" என்றது ஒரு சின்னக் குரல்.

"ஜவஹர், நான் தூபா. உன் பேரு இருக்கு."

பின்னால் வளையல் கலகலத்தது.

"ஏழாவது பேரு. காலையில நான் தப்பாத் தேடிட்டேன். பக்கத்தோட அடியில நின்னுகிட்டுத் தேடினேன். உன் பேரு மேல இருந்துது. லிஸ்ட்டெல்லாம் மாறல. நான்தான் தப்பு. சாரிடா."

நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மணி இன்னா?" என்றான் கடைசியில்.

"நாலு இருபத்தஞ்சு. ஓடிப் போய் உங்கம்மா போனை எடுத்துகிட்டு வா. ஓ.டி.பி. வரும். அதை எனக்குச் சொல்லணும்."

படபடவென்று மாடிப்படியில் ஓடும் சத்தம் லேண்ட்லைன் வழியாகவே கேட்டது. நான் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். விண்ணப்ப எண், பெயர். ஜவஹர் திரும்பி வரும்போது ஆன்ட்டியும் கூட வந்துவிட்டார். "ஐயையோ, ஏழு மிஸ்டு கால்! ஏ தூபா, நெசமாவா மக்கா?" என்று பின்னால் அவர் குரல் கேட்டது.

"பிறந்த தேதி சொல்லு" என்றேன். சொன்னான். அடித்தேன். ஓ.டி.பி. அனுப்பு என்பதைத் தட்டினேன்.

காத்திருந்தோம். வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. நாலு முப்பத்தெட்டு. "இங்க டவரே ஒழுங்கா கெடைக்காதும்மா" என்று பீர் முஹம்மது பாய் எங்கிருந்தோ சொன்னார். "போனைத் தூக்கிகினு வாசல்ல போய் நில்லுங்க. பையன் இங்கயே நிக்கட்டும்."

ஆன்ட்டி வாசலுக்குப் போனார். நாலு நாற்பத்து மூன்றுக்கு ஆன்ட்டி வாசலிலிருந்து கத்த, அதை பாய் திருப்பிக் கத்த, அதை ஜவஹர் போனில் சொன்னான். நாலு, ஒன்பது, ஒன்பது, இரண்டு, பூஜ்யம், ஐந்து. அடித்தேன்.

டேப் விசையைத் தட்டினேன். "பட்டன்" என்றது ஸ்கிரீன் ரீடர். இன்னொரு முறை தட்டினேன். "பட்டன்" என்றது.

இரண்டு பட்டன்கள். இரண்டுக்கும் பெயர் இல்லை. பக்கத்தைச் செய்தவர்கள் பெயர் வைக்க மறந்திருக்கிறார்கள். கண் தெரிந்தவர்களுக்குப் படம் தெரியும். எனக்கு வெறும் பட்டன். ஒன்று அனுப்புவதாக இருக்கலாம். இன்னொன்று எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகவும் இருக்கலாம். காலையில் இருந்த தூபாவாக இருந்தால் பட்டென்று ஒன்றை அழுத்தியிருப்பாள்.

விரலை எடுத்துவிட்டேன்.

"சைஃப், இங்க வா. ரெண்டு பட்டன் இருக்கு. எதை அழுத்தறது?"

"பச்சையை" என்றான்.

"பச்சையை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? மொதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது, ரெண்டாவது! மொதல்லது குப்பைத்தொட்டி படம்!"

இரண்டாவதை அழுத்தினேன். லேப்டாப் ஒரு நொடி சும்மா இருந்தது.

"நன்றி, ஜவஹர். உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது" என்றது.

நான் அதைப் போனில் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார். யார், எதற்கு என்றே தெரியாமல் வளையல் வாங்க வந்தவர்களும் கைதட்டினார்கள். "ஜெயிச்சாச்சா? ஆச்சுல்ல? சரி, லைனை வுடுங்கப்பா, யாவாரத்த கவனிக்கணும்" என்றார் பாய். ஜவஹர் மட்டும், "சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

மணி நாலு ஐம்பத்தொன்று.

அதன் பிறகுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அவன் ஒரு வார்த்தை சரியாகப் பேசவில்லையே! அம்மா அல்வாவைக் கிண்டி முடித்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். தொடவில்லை. "ஒரு தடவை தப்பாயிடுச்சு. நீயேதானே சரி பண்ணே?" என்றார் அம்மா. அப்படியும் சமாதானம் ஆகவில்லை.

ஆறே முக்காலுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் நின்றது.

"தூபா."

"ம்."

"பஸ் ஏறும்போது உன்மேல எனக்கு செம கோவம். வந்து நல்லாக் கத்தணும்னு இருந்தேன்."

"கத்து" என்றேன். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒன்றரை மணி நேரம் டிராஃபிக். ஆழ்வார்பேட்டை வரைக்கும் கோவம் இருந்துது. அப்புறம் தீர்ந்துபோச்சு." உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நானும்தானே காலையில பக்கத்துல நின்னேன். ஒரு தடவை கண்ணத் தொறந்து பாத்திருக்கலாம். நானும் பாக்கல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூக்கை உறிஞ்சினேன்.

"இது இன்னா, அல்வாவா?" என்றான். என் கிண்ணத்தை எடுத்து முழுவதையும் தின்றுவிட்டான். பிறகு மொட்டைமாடிக்குப் போனான். ஐந்து நிமிடத்தில் முதல் மாடித் தாத்தா திட்ட ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் நாள் பயிற்சி. நானும் வர வேண்டும் என்று ஜவஹர் ஒரே பிடிவாதம். அடையாறு மைதானத்தில், ஓரமாக இருந்த சிமென்ட் படியில், ஸ்வர்ணலதா ஆன்ட்டியும் நானும் உட்கார்ந்தோம். இரவு மழை பெய்து புல் ஈரமாக வாசம் அடித்தது. நாற்பத்தெட்டு பேரும் வரிசையில் நின்று கசமுசா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

விசில் சத்தம் கேட்டது. பேச்சு நின்றது. பயிற்சியாளர் ஒரு தாளைப் பிரித்து, பட்டியலில் இருந்த வரிசைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். நான் விரல்விட்டு எண்ணினேன். மூன்று. நான்கு. ஐந்து. "ராகேஷ்" என்றார், யாரோ "எஸ் சார்" என்றான். அது ஆறு.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"ஜவஹர்!"

"எஸ் சார்ர்ர்!"

மைதானம் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். யாரோ சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். ஆன்ட்டி என் கையை வலிக்கிற அளவுக்கு அழுத்தினார்.

எட்டாவது பெயர் எனக்குக் காதிலேயே விழவில்லை.